சேலம் கொங்கு நாடா, இல்லையா? மோகனூர் சொல்லும் பதில்

நாமக்கல் மாவட்டம் மோகனூரில் ஒரு சர்க்கரை ஆலை இருக்கிறது. அதன் பெயர் 'சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை'. ஊர் நாமக்கல்லில், பெயர் மட்டும் ஏன் சேலம்? 1997 ஜனவரி 1-ல் நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கும் வரை, மோகனூர் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது.

சரி, அந்தச் சேலம் எந்த வட்டாரம்? கோவை, ஈரோடு மாதிரி கொங்கா? இல்ல, தருமபுரியோடு சேர்ந்த வட தமிழகமா?

பழைய எல்லை என்ன?

கார்மேகக் கவிஞர் எழுதிய 'கொங்கு மண்டல சதகம்' நான்கு எல்லைகளைச் சொல்கிறது. கிழக்கே குளித்தலை பக்கம் மதிற்கரை, தெற்கே பழனி, மேற்கே வெள்ளிமலை, வடக்கே பெரும்பாலை. பெரும்பாலை இன்று தருமபுரி மாவட்டத்தில் இருக்கிறது. இந்தக் கணக்குப்படி மோகனூரும் கொங்கு, சேலமும் கொங்கு.

கொங்கின் 24 நாடுகளில் ஒன்று வாழவந்தி நாடு. மோகனூர் ஒன்றியத்தில் உள்ள எஸ்.வாழவந்தி என்ற ஊரில் அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது.

அப்புறம் ஏன் குழப்பம்?

சேலம் மாவட்டம் முழுவதும் ஒரே வட்டாரம் கிடையாது. கிழக்கே ஆத்தூரைத் தாண்டினால் வரும் ஆறகழூர், வாணகோவரையர்கள் ஆண்ட மகதை மண்டலத்தின் தலைநகர். அது கொங்குக் கணக்கில் வராது.

1792-ல் திப்பு சுல்தானுடனான உடன்படிக்கைக்குப் பிறகு இந்தப் பகுதி ஆங்கிலேயர் கைக்குப் போனது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமும் சேலம் மாவட்டத்தில் சேர்ந்தது. 1965-ல் தருமபுரி தனி மாவட்டமாகும் வரை இது நீடித்தது. சேலத்தை வடக்கோடு சேர்த்துப் பேசும் பழக்கத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மோகனூருக்கும் இதே கதைதான். 1888-ல் 'நாமக்கல் கவிஞர்' இராமலிங்கம் பிள்ளை இங்கே பிறந்தபோது ஊர் சேலம் மாவட்டம். 1910-ல் நாமக்கல் தாலுகா திருச்சி மாவட்டத்துக்குப் போய், பிறகு சேலத்துக்கே திரும்பியது. இப்போது நாமக்கல். மாவட்டம்தான் மாறுச்சு, வட்டாரம் மாறல.

அரசுத் துறைகள் எப்படிப் பிரிக்கின்றன?

ஒவ்வொரு துறைக்கும் ஒரு கணக்கு:

* காவல்துறை: சேலம், நாமக்கல் இரண்டும் கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட மேற்கு மண்டலத்தில் வருகின்றன.
* ரயில்வே: அப்படியே தலைகீழ். 2007-ல் உருவான சேலம் கோட்டத்துக்குள்தான் கோவை ரயில் நிலையமே இருக்கிறது.
* பல்கலைக்கழகம்: சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ். கோவை, ஈரோடு, திருப்பூருக்குப் பாரதியார் பல்கலைக்கழகம்.

இது ஏன் அரசியல் ஆனது?

2021 ஜூலையில் நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த எல்.முருகன் மத்திய இணை அமைச்சரானார். புதிய அமைச்சர்கள் பற்றிய குறிப்பில் அவரது ஊர் 'கொங்கு நாடு, தமிழ்நாடு' என்று இருந்தது. தமிழ்நாட்டைப் பிரிக்கத் திட்டமா என்று சர்ச்சை வெடித்தது. அப்படி எந்தத் திட்டமும் இல்லை என்று அடுத்த மாதமே மக்களவையில் மத்திய அரசு பதில் அளித்தது.

வட்டாரப் பெயர் வேறு, நிர்வாக எல்லை வேறு. மாநிலத்தைப் பிரிக்க அரசியல் சட்டத்தின் 3-வது பிரிவின்படி நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். 'கொங்கு' என்று சொல்வதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

அப்போ பதில் என்ன?

பழைய எல்லைப்படி சேலம் நகரம் கொங்குதான், ஆனால் அதன் வடகிழக்கு ஓரம். அதனால்தான் ஒரு பக்கம் கோவையோடும், இன்னொரு பக்கம் தருமபுரியோடும் அதற்கு உறவு இருக்கிறது. மாவட்டம் முழுவதையும் கொங்கு என்று சொன்னால் ஆறகழூர் இடிக்கும். கொங்கே இல்லை என்று சொன்னால் பெரும்பாலை இடிக்கும்.