எந்தக் கிணறு?

லாரி எஞ்சினைப் பிரித்துக் கழுவும் திரவம் பிசுக்கை நொடியில் கரைக்க வேண்டும், எளிதில் தீப்பற்றக் கூடாது, துடைக்காமலே உலர்ந்துவிட வேண்டும். டிரைகுளோரோஎத்திலீன் இந்த மூன்றையும் செய்தது. அதனால்தான் இருபதாம் நூற்றாண்டின் ராணுவப் பட்டறைகள் அதை டிரம் டிரம்மாக வாங்கின. கழுவி முடித்த அழுக்குத் திரவத்தில் ஒரு பங்கு தரையில் சிந்தியது, ஒரு பங்கு பூமிக்கடியில் புதைத்த தொட்டிகளிலிருந்து கசிந்தது, ஒரு பங்கு குப்பைக் களத்துக்குப் போனது.

அமெரிக்காவின் வட கரோலினாவில் மரைன் படையின் பெரிய தளம் கேம்ப் லெஜூன். அங்கே ஹேட்நாட் பாயின்ட் பகுதியில் வாகனப் பட்டறைகளும் எரிபொருள் கிடங்கும் குடிநீர்க் கிணறுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தளத்துக்கான குடிநீர் முழுக்க நிலத்தடியிலிருந்தே எடுக்கப்பட்டது.

1980இல் குளோரின் கலப்பதால் உண்டாகும் பொருள்களை அளக்கத் தண்ணீர் மாதிரி எடுத்தார்கள். வேறு ஏதோ ரசாயனம் குறுக்கிட்டு அளவையே கெடுத்தது. தண்ணீர் மோசமாக மாசுபட்டிருக்கிறது என்று ராணுவ ஆய்வகம் படிவத்திலேயே எழுதி அனுப்பியது. அடுத்த ஆண்டும் எழுதியது. 1982 மே மாதம் இன்னொரு ஆய்வகம் அந்த ரசாயனத்தின் பெயரைக் கண்டுபிடித்தது. லிட்டருக்கு 1,400 மைக்ரோகிராம் டிரைகுளோரோஎத்திலீன்! குடிநீரில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்ற கட்டாய வரம்பு பின்னாளில்தான் வந்தது. ஜூலையில் மறுபடி பார்த்தபோது அளவு வெகுவாக இறங்கியிருந்தது.

என் பார்வையில் இந்த விவகாரத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. தளத்தில் கிணறுகளை முறை வைத்து ஓட்டினார்கள். இன்று நாலு மோட்டார் ஓடினால் நாளை வேறு நாலு ஓடும். எல்லாத் தண்ணீரும் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒன்றாகக் கலந்த பிறகே குழாய்க்கு வரும். கெட்ட கிணறு ஓடிய நாளில் அளவு ஏறும், ஓய்ந்த நாளில் இறங்கும். மாதிரி எடுத்த அன்று எந்தெந்தக் கிணறு ஓடியது என்று கேட்டு, ஒவ்வொன்றிலும் தனித்தனியே தண்ணீர் எடுத்துப் பார்த்திருந்தால் அந்தக் கோடையிலேயே விடை கிடைத்திருக்கும். இதற்குப் புதுக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. குழாயில் மட்டும் தேடிக்கொண்டிருந்த அந்தக் காலமெல்லாம் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அதைத்தான் குடித்தார்கள்.

1984 ஜூலையில்தான் கிணற்றிலிருந்து நேரடியாக மாதிரி எடுத்தார்கள். எரிபொருள் கிடங்கை ஒட்டிய 602ஆம் எண் கிணற்றில் பென்சீன் 380 மைக்ரோகிராம். அதை மூடும்போது நவம்பர் ஆகியிருந்தது. பிறகு மற்ற கிணறுகளையும் வரிசையாகப் பார்த்தார்கள். 1985 பிப்ரவரியில் 651ஆம் எண் கிணற்றில் 18,900 மைக்ரோகிராம் டிரைகுளோரோஎத்திலீன் கிடைத்தது. கழிவு கொட்டிய களத்தின் பக்கத்தில் இருந்த கிணறு அது. பட்டறை நிலத்தை ஆராய்பவர் சிமென்ட் தரையைத் துளைத்துப் பார்த்தால் மட்டும் போதாது. அங்கே வேலை செய்த பழைய ஆட்களிடம், கழிவை எங்கே கொண்டுபோய் ஊற்றினீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

எவ்வளவு ஆழத்தில் தேடுவது என்பதும் முக்கியம். பெட்ரோலும் அதிலுள்ள பென்சீனும் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். டிரைகுளோரோஎத்திலீன் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. நீர்மட்டத்தைத் தாண்டிக் கீழே இறங்கி, களிமண் படுகை தடுத்தால் அதன் மேல் தேங்கும். படுகையில் இடைவெளி இருந்தால் இன்னும் ஆழம் போகும். மேல்மட்டத்தில் மட்டும் மாதிரி எடுத்தால் அது கண்ணில் படாது. காற்றில்லாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போது வினைல் குளோரைடு பிறக்கிறது. அது புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிசெய்யப்பட்ட பொருள். ஆகவே தாய்ப்பொருளின் அளவு குறைந்துவிட்டதே என்று நிம்மதி அடைய முடியாது.

தளத்தின் இன்னொரு குடியிருப்பான டராவா டெரஸில், வேலிக்கு வெளியே இருந்த சலவைக் கடையின் ரசாயனம் குடிநீரில் கலந்திருந்தது. அங்கே குடியிருந்த மரைன் வீரர் ஜெர்ரி என்ஸ்மிங்கரின் மகள் ஜேனி 1985இல் ஒன்பது வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்தாள். தண்ணீர் கெட்டிருந்த விஷயம் அவருக்குத் தெரிந்ததே 1997இல், தொலைக்காட்சிச் செய்தியில். அதன்பின் அவர் ஓயவில்லை.

மூடிய கிணற்றின் பழைய தண்ணீரை இனி அளக்க முடியாது. மோரிஸ் மஸ்லியா என்ற பொறியாளரின் தலைமையில் அமெரிக்க அரசின் நச்சுப்பொருள் ஆய்வு அமைப்பு அதைக் கணக்கிட்டு மீட்டது. எந்த மோட்டார் எந்த மாதம் ஓடியது, மண் அடுக்கு எப்படி, நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கிடைத்த பதிவுகளையெல்லாம் கோத்து, பல பத்தாண்டுகளின் தண்ணீரை மாதம் மாதமாகக் கணித்தார்கள். ஹேட்நாட் பாயின்ட் தண்ணீர் 1953 ஆகஸ்டிலேயே அந்த 5 மைக்ரோகிராமைத் தாண்டியிருக்கும் என்று 2013இல் வந்த அறிக்கை சொன்னது.

2022இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த மாதமே எல்லைக் கோடு. 1953 ஆகஸ்ட் 1 முதல் 1987 டிசம்பர் 31 வரையிலான காலத்தில் குறைந்தது 30 நாள் அங்கே இருந்து, அந்தத் தண்ணீரால் பாதிக்கப்பட்டவர் 2024 ஆகஸ்ட் வரை இழப்பீடு கோர முடிந்தது. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன.