துளி விழுந்த இடமும் பிறந்த இடமும்

இங்கிலாந்தில் நான் ஓட்டிவரும் இரண்டு இருக்கை மாஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு முப்பது வயது கடந்துவிட்டது. சென்ற குளிர்காலத்தில், காலையில் அதை வெளியே எடுக்கும்போதெல்லாம் தரையில் நான்கைந்து கரிய எண்ணெய்த் துளிகள் கிடந்தன. இன்ஜினும் கியர் பாக்ஸும் இணையும் இடத்துக்கு நேர் கீழே அவை விழுந்திருந்தன. பணிமனையில் காரை உயர்த்திப் பார்த்தவர் ஒரே நிமிடத்தில் முடிவைச் சொன்னார்: கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் பழுதாகிவிட்டது, கியர் பாக்ஸைக் கழற்றியாக வேண்டும். அந்த சீலின் விலை சொற்பம். அதைச் சென்றடைவதற்கான கூலியோ, காரை விற்றுவிடலாமா என்று யோசிக்க வைத்தது.

அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. துளி விழுந்த இடத்தையே அது பிறந்த இடமாகக் கருதிவிட்டார். பழைய கார்களில் எண்ணெய்க் கசிவைக் கண்டறியும்போது அதிகம் நேரும் பிழை இதுதான். கசியும் எண்ணெய் புவியீர்ப்பால் கீழே இறங்குகிறது. கார் ஓடும்போது அடியில் வீசும் காற்று அதைப் பின்னோக்கித் தள்ளுகிறது. எனவே, இன்ஜினின் முன்பக்கமோ மேற்பகுதியோ கசிந்தாலும் துளி பெரும்பாலும் பின்புறத்தின் தாழ்ந்த முனையில்தான் சொட்டும்.

1989-ல் சிகாகோ வாகனக் கண்காட்சியில் அறிமுகமான எம்எக்ஸ்-5இன் முதல் தலைமுறை இதற்கு நல்ல உதாரணம். இந்தக் காரின் இன்ஜின் நீளவாக்கில் பொருத்தப்பட்டது. சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில், எளிதில் கண்ணுக்குப் படாத இடத்தில், கேம் ஷாஃப்ட்டின் சுழற்சிக் கோணத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. அதைச் சுற்றி எண்ணெயைத் தடுத்து நிற்பது ஒரு சிறிய ரப்பர் வளையம். ஆண்டுக்கணக்கில் சூடேறி ஆறும்போது ரப்பர் நெகிழ்வை இழந்து இறுகிவிடுகிறது. பின்னர் அதன் வழியே கசியும் எண்ணெய், இன்ஜினின் முதுகில் இறங்கி, கிளட்ச்சை மூடியிருக்கும் உறையின் அடியில் சொட்டுகிறது. பின்பக்க ஆயில் சீல் கசிந்தாலும் துளி அங்கேதான் விழும்.

அப்படியானால் உண்மையை அறிவது எப்படி? முதலில், கசிவது எந்தத் திரவம் என்று பார்க்க வேண்டும். இரவில் காரின் அடியில் வெள்ளை அட்டையை விரித்து வைத்தால் போதும். இன்ஜின் ஆயில் பழுப்பாகவோ கருப்பாகவோ இருக்கும். கியர் ஆயிலில் கந்தக வாடை வீசும். ரேடியேட்டர் நீரில் இனிப்பு வாடை இருக்கும்.

அடுத்தது, பலரும் தவிர்க்கும் வேலை: இன்ஜினைக் கழுவுவது. பல்லாண்டு அழுக்கின் மீது புதிய கசிவின் தடத்தைக் காண முடியாது. ஆறிய இன்ஜினை எண்ணெய் நீக்கும் திரவத்தால், மின் இணைப்புகளை மூடிவைத்துச் சுத்தம் செய்து, உலர்த்தி, சிறிது தூரம் ஓட்டிய பிறகு மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். ஈரம் தென்படும் மிக உயர்ந்த இடமே முதல் சந்தேகத்துக்குரியது. ஐயம் தீராவிட்டால், எண்ணெயில் ஒளிரும் சாயத்தைக் கலந்து, புற ஊதா விளக்கில் பார்க்கலாம். உலர்ந்த பரப்பில் முகப்பவுடரைத் தூவினாலும் தடம் தெரியும்.

இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வையும் சோதிக்க வேண்டும். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீல்கள் வழியாகவும் எண்ணெயைப் பிதுக்கும். அதைக் கவனிக்காமல் சீலை மாற்றினால் புதியதும் கசியத் தொடங்கும்.

நானும் கழுவி, உலர்த்தி, ஓட்டிப் பார்த்தேன். சென்சாரின் அடியில் ஈரம் மினுங்கியது. இக்னிஷன் டைமிங் மாறிவிடாதிருக்க, அதன் நிலையைக் கோடிட்டுக் குறித்துக்கொண்டு கழற்றினேன். கையில் வந்த வளையம் நெகிழ்வே இல்லாமல் பிளாஸ்டிக்போல இறுகியிருந்தது. ஒரு கோப்பைத் தேநீரின் விலைகூட இல்லாத புதிய வளையத்தைப் பொருத்தியபின் அட்டை வெண்மையாகவே இருக்கிறது.

இதைச் செலவுக் கணக்காக மட்டும் பார்க்க முடியாது. சூடான புகைக்குழாயில் விழும் எண்ணெய் தீப்பற்றக்கூடும். இந்தக் காரில் இன்ஜினின் பின்புறம் செல்லும் ஹீட்டர் குழாய்களில் எண்ணெய் படிந்தால், ரப்பர் ஊறி வெடித்து இன்ஜின் கொதித்துப்போகலாம். தவறான இடத்தைப் பழுதுபார்த்தால் பணமும் போகும், அபாயமும் நீடிக்கும்.

சில நேரங்களில் பின்பக்க சீலே குற்றவாளியாக இருக்கும். அப்போதும் கசிவு மெல்லியதாக இருந்தால், எண்ணெய் அளவை வாரந்தோறும் சோதித்துக்கொண்டு, கிளட்ச் மாற்றும் நாளில் சேர்த்துச் செய்துகொள்ளலாம்.

பணிமனைகளின் அவசரத்தில் நமக்கும் பங்கு உண்டு. மாற்றிய பாகத்துக்குப் பணம் கொடுக்கும் நாம், கழுவவும் தேடவும் செலவான ஒரு மணி நேரத்துக்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்கிறோம். தேடுவதற்குக் கூலி இல்லையென்றால் ஊகம்தான் மிஞ்சும். அடுத்த முறை, “எதை மாற்ற வேண்டும்?” என்று கேட்பதற்கு முன், “எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், அதற்கான கூலியைத் தருகிறேன்” என்று சொல்வோம்.