பிரேக் பெடல் கல்லாக இறுகியது ஏன்? 111 புகார்களில் தொடங்கி 34 லட்சம் வண்டிகளைத் தொட்ட கதை

சிக்னல் மஞ்சளுக்கு மாறுகிறது. பிரேக்கை மிதிக்கிறீர்கள். பெடல் இறங்கவே மாட்டேங்குது; கல்லை மிதிச்ச மாதிரி இருக்கு. உடம்பு பலத்தையெல்லாம் காலில் இறக்கிய பிறகுதான் வண்டி நிற்கிறது. அடுத்த சிக்னலில் பார்த்தால் பிரேக் வழக்கம்போல வேலை செய்கிறது. "நாமதான் சரியா மிதிக்கலையோ?" என்ற சந்தேகம் வந்துவிடும். ஷெட்டில் விட்டால், "ஓட்டிப் பார்த்தோம், ஒண்ணும் இல்லையே" என்று சாவியைக் கொடுத்துவிடுவார்கள்.

அமெரிக்காவில் பிக்-அப் வண்டி வைத்திருந்த சிலர், இது தங்கள் தவறு இல்லை என்று எழுதிப் போட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கதை.

என்ன நடந்தது?

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் செவ்ரலே சில்வராடோ, ஜிஎம்சி சியரா ஆகியவை அமெரிக்காவில் மிக அதிகம் விற்கும் பிக்-அப்களில் அடங்கும். வெறும் வண்டியே இரண்டு டன்னுக்கு மேல். இவற்றில் பிரேக் பெடல் இறுகிவிடுகிறது, வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கிறது என்று அந்நாட்டின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்புக்குப் புகார்கள் போயின.

2018 நவம்பரில் அந்த அமைப்பு விசாரணையைத் தொடங்கியது. அப்போது அதன் கையில் இருந்த புகார்கள் 111. அவற்றில் 9 விபத்துகள், 2 பேருக்குக் காயம். விசாரணைக்குள் வந்த 2014 முதல் 2016 வரையிலான மாடல் வண்டிகளோ சுமார் 27 லட்சம். கணக்குப் போட்டால், ஏறக்குறைய 24 ஆயிரம் வண்டிகளுக்கு ஒரே ஒரு புகார். "இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்று ஒதுக்கிவிடக்கூடிய எண்ணிக்கைதான். ஆனால் ஒதுக்கவில்லை.

2019 செப்டம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ரீகால் அறிவித்தது. 2014 முதல் 2018 வரையிலான மாடல்கள், டாஹோ, சபர்பன், யூகான், எஸ்கலேட் போன்ற பெரிய எஸ்யூவிகளையும் சேர்த்து, அமெரிக்காவில் மட்டும் 34 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள்.

கோளாறு எங்கே?

பிரேக்கை நாம் காலால் மட்டும் பிடிப்பதில்லை. பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே 'பூஸ்டர்' என்ற வட்டமான டப்பா இருக்கும். அதன் உள்ளே காற்றை உறிஞ்சி வெற்றிடம், அதாவது வேக்கம், உண்டாக்கி வைத்திருப்பார்கள். பெடலை மிதித்ததும் ஒரு பக்கம் வெளிக்காற்று நுழைந்து தள்ளும். அந்தத் தள்ளல் நம் கால் பலத்தைப் பல மடங்காக்கும்.

பழைய பெட்ரோல் இன்ஜின்களில் இந்த வேக்கம் இன்ஜின் உறிஞ்சும் காற்றிலிருந்தே கிடைத்துவிடும். இந்த பிக்-அப்களில் அதற்குத் துணையாக இன்ஜினோடு சேர்ந்து ஓடும் தனி பம்ப் வைத்திருந்தார்கள். நாளாக ஆக அந்த பம்ப்பின் உறிஞ்சும் திறன் குறைந்தது. வேக்கம் தீர்ந்த நேரத்தில் மிதித்தால் பூஸ்டர் கை கொடுக்காது. பிரேக் அறுந்துபோகவில்லை, ஆனால் மிதிக்கிற கால் தனியாகப் போராட வேண்டும். முன்னால் ஒரு குழந்தை ஓடி வரும்போது அந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

எப்படிச் சரி செய்தார்கள்?

பம்ப்பை மாற்றவில்லை, சாஃப்ட்வேரை மாற்றினார்கள். வேக்கம் குறைந்தால் ஏபிஎஸ் அமைப்பில் உள்ள மோட்டார் பிரேக் ஆயிலை அழுத்தி உதவும் வசதி அந்த வண்டிகளில் முன்பே இருந்தது. அந்த உதவி இன்னும் நன்றாகக் கிடைக்கும்படி பிரேக் கட்டுப்பாட்டுக் கருவியை மறுபடி புரோகிராம் செய்தார்கள். உரிமையாளருக்குச் செலவில்லை.

நம்ம வண்டிக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

டீசல் இன்ஜினில் பெட்ரோல் இன்ஜின் அளவுக்கு வேக்கம் தானாகக் கிடைக்காது. அதனால் வேக்கம் பூஸ்டர் உள்ள டீசல் பிக்-அப், கார் எல்லாவற்றிலும் ஒரு வேக்கம் பம்ப் இருக்கும். பெடல் சொல்லும் சேதியைப் புரிந்துகொள்வது நல்லது.

- கல் மாதிரி இறுகினால்: பூஸ்டர், வேக்கம் குழாய் அல்லது பம்ப்பைச் சந்தேகப்படுங்கள்.
- பஞ்சு மாதிரி அமுங்கினால்: பிரேக் லைனில் காற்று புகுந்திருக்கலாம்.
- மிதித்துப் பிடிக்கும்போது மெல்ல உள்ளே போய்க்கொண்டே இருந்தால்: ஆயில் கசிவு அல்லது மாஸ்டர் சிலிண்டர் கோளாறு. வண்டியை எடுக்காதீர்கள்.

வீட்டு வாசலிலேயே ஒரு சோதனை செய்யலாம். இன்ஜினை ஆஃப் செய்து, பெடல் இறுகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையவில்லை என்றால் மெக்கானிக்கைப் பாருங்கள்.

இதே காரணத்துக்காகத்தான் மலைப்பாதை இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க இன்ஜினை ஆஃப் செய்யக் கூடாது. இரண்டு மூன்று மிதியிலேயே பூஸ்டரில் இருக்கும் வேக்கம் தீர்ந்துவிடும்.

இங்கே யாரிடம் சொல்வது?

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், கோளாறுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. மத்திய அரசின் வாகன் இணையதளம் வழியாக உரிமையாளரே புகார் பதியலாம்.

புகாருக்குப் பலம் சேர்ப்பது விவரம்தான். எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது, என்ன வேகம், பெடல் எப்படி இருந்தது, டேஷ்போர்டில் எந்த விளக்கு எரிந்தது என்று அன்றைக்கே போனில் குறித்து வையுங்கள். ஷெட்டில் 'கோளாறு இல்லை' என்று சொன்னாலும், நீங்கள் சொன்ன குறையை ஜாப் கார்டில் எழுதச் சொல்லி ஒரு நகல் வாங்குங்கள்.

24 ஆயிரம் பேரில் ஒருவராக நீங்கள் இருக்கலாம். சொல்லாமல் விட்டால், மீதி 23,999 பேருக்கும் அது தெரியாமலே போகும்.