வீட்டுல தீப்பிடிச்சா உடனே தண்ணி ஊத்தலாமா? எந்தத் தீக்கு எது? முழு விவரம்!

அருப்புக்கோட்டை, திருச்சுழி சுற்று வட்டாரம் மழையை நம்பியிருக்கும் மானாவாரி பூமி. கோடையில் கண்மாய் வற்றிவிடும். வாசலில் சீமைக்கருவேல விறகு, பின்னால் வைக்கோல் படப்பு, நெசவு வீடுகளில் நூல் என எல்லாமே காய்ந்து கிடக்கும். ஒரு பொறி போதும்.

டவுனில் இருந்து தீயணைப்பு வண்டி கிராமத்துக்கு வந்து சேர நேரமாகும். அதுவரை இருக்கும் தண்ணீரை எங்கே ஊற்றணும், எங்கே ஊற்றவே கூடாது என்று தெரிந்திருப்பதுதான் உயிரைக் காப்பாற்றும்.

கும்பகோணம் சொன்ன பாடம்

2004 ஜூலை 16. கும்பகோணம் பள்ளியில் சமையல் அடுப்பில் இருந்து கீற்றுக் கூரைக்குத் தாவிய தீ 94 குழந்தைகளைப் பலிகொண்டது. கூரை வீட்டுக்கும் இதே பாடம்தான். கீற்றுக்குக் கீழே அடுப்பு வேண்டாம். சமைத்து முடித்ததும் கங்கில் தண்ணீர் தெளித்து அணைச்சிடுங்க.

எந்தத் தீக்கு எது?

விறகு, வைக்கோல், நூல், துணி: இதற்குத் தண்ணீர் ஊற்றலாம். ஆனால் முதலில் ஆட்களை வெளியே கொண்டு வாங்க. மாடு, ஆடு கட்டியிருந்தால் கயிற்றை அவிழ்த்து விடுங்க. தீ கூரைக்கு ஏறிவிட்டால் பொருளை எடுக்க உள்ளே போகவே கூடாது.

எண்ணெய்ச் சட்டி: தண்ணீர் கூடவே கூடாது. கொதிக்கும் எண்ணெய்க்கு அடியில் போகும் தண்ணீர் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை நாலாபுறமும் வீசும். அடுப்பை அணைத்து, சட்டியைத் தட்டு போட்டு மூடுங்க. ஆறும் வரை திறக்காதீங்க.

மின்சாரம்: மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணுங்க. தண்ணீர் ஊற்றினால் ஷாக் அடிக்கும். உலர்ந்த மணலைப் போடுங்க.

கேஸ் வாடை: சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகத் தேங்கி நிற்கும். லைட், ஃபேன் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு, ஜன்னலைத் திறந்து வெளியே வாங்க. பிறகு 1906-க்கு போன் பண்ணுங்க.

உடம்பில் தீப்பிடித்தால்: ஓடாதீங்க, ஓடினால் தீ வளரும். தரையில் படுத்து உருளுங்க. தீக்காயத்தின் மேல் 20 நிமிஷம் சாதாரணத் தண்ணீர் ஊற்றணும். தண்ணி குறைவா இருக்கேன்னு தயங்க வேண்டாம், டம்ளரில் மொண்டு மெதுவாக ஊற்றலாம். சேர்த்து வைத்த தண்ணீருக்கு இதைவிட நல்ல செலவு இல்லை. பேஸ்ட், மாவு, இங்க் எதுவும் தடவாதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க.

வீட்டில் வெடிமருந்து வேண்டாம்

விருதுநகர் மாவட்டத்தில் இதைத் தனியாகச் சொல்லியே ஆகணும். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேடிக்கை பார்க்கவும் உதவி செய்யவும் ஓடி வந்தவர்களும் அதில் உண்டு. உரிமம் இல்லாமல் வீட்டில் பட்டாசு செய்வதும், மருந்தைப் பதுக்கி வைப்பதும் தெருவுக்கே ஆபத்து. வெடிச்சத்தம் கேட்ட இடத்துக்குக் கிட்டப் போகாதீங்க.

இன்னைக்கே செய்ய வேண்டியது

* வாசலில் இரண்டு வாளி உலர்ந்த மணல். கரிசல் மண் கட்டியாகிவிடும் என்பதால் மணலே நல்லது. பக்கத்தில் தீக்கென்று ஒரு குடம் தண்ணீர்.
* சிலிண்டரின் கைப்பிடிப் பகுதியில் இருக்கும் எழுத்தைப் பாருங்க. ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். பக்கத்து எண் வருஷம். அந்தத் தேதி கடந்திருந்தால் வாங்காதீங்க.
* கேஸ் டியூபை 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்க. விரிசல் தெரிந்தால் உடனே மாற்றணும்.
* 101, 112 எண்களைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்க.

போன் பண்ணும்போது ஊர் பெயரோடு கோயில், கண்மாய், பஸ் ஸ்டாப் என ஏதாவது அடையாளம் சொல்லுங்க. எரிவது கூரையா, கேஸா, வெடிமருந்தா என்பதையும் சொல்லிடுங்க. ஒருவர் மெயின் ரோட்டில் டார்ச்சோடு நின்று வண்டிக்கு வழிகாட்டினால், தேடி அலையும் நேரம் மிச்சமாகும்.