காதைத் தொடும் கம்பி: வீட்டில் செய்யக்கூடிய மணிக் காதணிகள்

அறுவைச் சிகிச்சைக்கு முன் செவிலியர் தவறாமல் சொல்வது, “நகைகளைக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள்” என்பதாகும். தோடும் மூக்குத்தியும் கைக்குட்டையில் முடிச்சாகித் தாயிடமோ மகளிடமோ சென்று சேரும். சிலருக்கு அந்தத் தோடு மீண்டும் காதேற நெடுநாள் ஆகிறது. மருத்துவச் செலவுக்காக அது அடகுக் கடைக்குப் போயிருக்கலாம். வெறுங்காதுடன் ஊர் திரும்ப மனமின்றி, கைக்குக் கிடைத்த கவரிங் கம்மலை வாங்கி அணிகிறார்கள். சில நாள்களில் காது சிவந்து, அரித்து, நீர் வடியத் தொடங்குகிறது.

இத்தொல்லைக்குப் பெரும்பாலும் காரணம் நிக்கல் என்னும் உலோகம். தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் உலோகங்களில் அதுவே முதன்மையானது. வியர்வை பட்டு அது சிறிது சிறிதாகக் கரைந்து தோலுக்குள் செல்கிறது. ஒருமுறை உடல் அதனை ஏற்க மறுத்துவிட்டால், அந்த ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். பின்னர்க் கைக்கடிகாரமும் இடைவாரின் கொக்கியும்கூட அரிப்பைத் தரும். இதனால்தான் காதுத் துளையில் அணியும் பொருள்களில் நிக்கலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1994ஆம் ஆண்டிலேயே சட்ட வரம்பு விதித்தது.

காதணியில் பிறர் கண்ணுக்குத் தெரிவது மணி. நம் உடல் உணர்வது கொக்கி. ஆகவே மணியில் சிக்கனம் செய்யலாம், கொக்கியில் செய்யலாகாது. கொக்கியை நாமே செய்துகொண்டால் எந்த உலோகம் காதைத் தொடுகிறது என்பது நமக்கு உறுதியாகத் தெரியும்.

கொக்கிக்கு 925 தர வெள்ளிக் கம்பி ஏற்றது. அதில் நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி. எஞ்சியது பெரும்பாலும் செம்பு. டைட்டானியம், நியோபியம் கம்பிகள் மிகவும் பாதுகாப்பானவை. ‘ஜெர்மன் சில்வர்’ என்னும் பெயரைக் கண்டு ஏமாற வேண்டா. அதில் வெள்ளியே இல்லை. செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகியவற்றின் கலவையே அது. முலாம் பூசிய கம்பியும் நாளடைவில் தேய்ந்து அடி உலோகத்தைக் காட்டிவிடும்.

கொக்கிக்கு 20 கேஜ், அதாவது 0.8 மில்லிமீட்டர் கம்பி போதும். மணி கோக்க 24 கேஜ், அதாவது 0.5 மில்லிமீட்டர் கம்பி தேவை. கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். உருண்டை முனைக் குறடு, தட்டை முனைக் குறடு, வெட்டுக் குறடு, நுண்ணிய உப்புத்தாள், ஒரு பேனா ஆகியவையே கருவிகள். தட்டில் துணி விரித்து வைத்தால் மணிகள் உருளா. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செய்யப்பட்டவை கண்ணாடி மணிகள். இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன.

முதலில் நான்கரை சென்டிமீட்டர் நீளத்தில் இரு துண்டுகளை வெட்டுக. ஒரு முனையை உருண்டைக் குறட்டால் சுருட்டிச் சிறு வளையமாக்குக. பின் பேனாவின் மேல் எதிர்த்திசையில் வளைத்தால் கொக்கி உருவாகும். இரண்டுக்கும் ஒரே பேனாவைப் பயன்படுத்தினால் இணை ஒத்திருக்கும். காதில் நுழையும் முனையை, விரலால் தடவினால் உறுத்தாத வரை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். கூரிய முனை துளையைக் கீறிப் புண்ணாக்கிவிடும்.

மெல்லிய கம்பியின் அடியில் மணி நழுவாதபடி சிறு சுருள் இடுக. மணியைக் கோத்து, மேலே ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டி, வளையமாகச் சுருட்டுக. கொக்கியின் வளையத்தைப் பக்கவாட்டில் திருப்பித் திறந்து மணியை மாட்டி, அவ்வாறே மூடுக. வளையத்தை அகல விரித்தால் அதன் வடிவம் கெடும்.

கம்பியை வெட்டும்போது துண்டு தெறித்துக் கண்ணில் படக்கூடும்; மறுகையால் மூடிக்கொண்டு வெட்டுக. கம்பி வேலையைப் படுக்கையின்மேல் செய்ய வேண்டா. விரிப்பில் தங்கும் சிறு துண்டு நோயாளியைக் குத்தும். சிறு குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் மணிகள் இருத்தல் ஆகாது. அவற்றை விழுங்குவதும் மூக்கில் திணிப்பதும் அரிதல்ல.

நீரிழிவினாலோ சில புற்றுநோய் மருந்துகளாலோ விரல் மரத்திருப்பவர்கள், வெள்ளணுக்கள் குறைந்திருப்பவர்கள், இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்கள் ஆகியோர் கம்பி வேலையை உடனிருப்பவரிடம் விட்டுவிடுவது நல்லது. மணிகளையும் அவற்றின் வரிசையையும் அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். எந்த நிறத்துக்குப் பின் எந்த நிறம் என்று இருவர் கூடிப் பேசும் அரைமணி நேரத்தில், நோயைப் பற்றிய பேச்சு சற்றே விலகியிருக்கும்.

நெடுநாள் அணியாத காதுத் துளை சுருங்கியிருக்கலாம். கொக்கியை வலிந்து நுழைக்க வேண்டா. அரிப்போ நீர்க்கசிவோ தோன்றினால் உடனே கழற்றிவிட்டு மருத்துவரிடம் காட்டுக. உலோக ஒவ்வாமை இருப்பின், மூட்டு மாற்று அறுவைக்கு முன் அதனை மறவாமல் தெரிவிக்க வேண்டும். சில செயற்கை மூட்டுகளிலும் நிக்கல் உண்டு.

அடகிலிருக்கும் தோடு மீண்டு வரும் நாள் வரட்டும். அதுவரை, வீட்டார் கையால் வளைத்த கொக்கியில் இரு மணிகள் காதில் ஆடட்டும்.