கிள்ளான்: ஓர் ஆறு, இரு கரை
நீங்கள் நிற்பது கிள்ளான் ஆற்றின் தென்கரை. அரண்மனை, ரயில் நிலையம், பூமாலையும் சேலையும் விற்கும் தெங்கு கிளானா சாலை எல்லாம் இந்தப் பக்கம்தான். வடகரை தனி ஊராகவே வளர்ந்துவிட்டது. இடையில் நிற்கும் கோத்தா பாலத்துக்கு இரண்டு அடுக்கு: மேலே வண்டிகள், கீழே நடப்போருக்கும் சைக்கிளுக்கும் என்று கட்டியது.

1875இல் சிலாங்கூரின் நிர்வாகத் தலைமையிடம் கிள்ளான். ஐந்தே ஆண்டில், ஈயம் கொழித்த கோலாலம்பூர் அதைத் தட்டிக்கொண்டு போனது. ஆனாலும் அரச நகர் என்ற பெருமை இன்று கிள்ளானுக்குத்தான்.

1901இல் ஆற்றின் முகத்துவாரத்தருகே சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தது. இன்று அது போர்ட் கிள்ளான். ரப்பர் தோட்டங்களுக்கு வந்த தமிழர் பலர் கப்பலிலிருந்து இறங்கியது அங்கேதான். 2020 கணக்கெடுப்பில் கிள்ளான் மாவட்ட மக்கள்தொகை 10 லட்சத்தைத் தாண்டியிருந்தது.