என் காதுக்கு ஒத்த மருந்து காக்காவின் காதுக்கு ஒத்துவருமா?

கடற்காற்றும் வியர்வையுமாக இருக்கும் கல்முனைப் பக்கத்தில் காது அரிப்பது புதினமான விடயமல்ல. கடலில் குளித்துவிட்டு வந்த ஒரு மாலை, அரிப்புத் தாங்காமல் கொட்டன் பட்ஸை காதுக்குள் விட்டுச் சுழற்றினேன். சுகமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் இரவு பாணைக் கடிக்க முடியவில்லை. தலையணையில் காது பட்டாலே உயிர் போனது.

வைத்தியரிடம் போனேன். காது மடலை மெதுவாக இழுத்தார், துள்ளிவிட்டேன். "வெளிக்காதுக் குழாய் அழற்சி" என்றார். மருந்து எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்: "எப்போதாவது ஷெல், குண்டு வெடித்ததில் காது அடைத்ததா, இரத்தம் வந்ததா?" இல்லை என்றேன். ஏன் கேட்டார் என்பது பிறகுதான் விளங்கியது.

காது மடலிலிருந்து செவிப்பறை வரை உள்ள குழாய் ஏறத்தாழ இரண்டரை சென்ரிமீற்றர் நீளமானது. அதன் உட்தோல் மிக மெல்லியது. நாம் அழுக்கென்று நினைக்கும் குடுமிதான் அதற்குக் காவல். சற்று அமிலத்தன்மையுள்ள அந்தப் பசை தண்ணீரையும் கிருமிகளையும் தடுக்கிறது, பிறகு தானாகவே வெளியே நகர்ந்து வருகிறது. பட்ஸ், ஊக்கு, ஈர்க்கு, மோட்டார் சைக்கிள் சாவி என்று எதை விட்டுக் குடைந்தாலும் இந்தக் காவல் போய்விடும். தோலிலும் கீறல் விழும். அதில் ஈரமும் சேர்ந்தால் பக்டீரியா பெருகும், சிலவேளை பங்கசும் பிடிக்கும். அரிப்பு, வலி, வீக்கம், நீர் வடிதல், காது மந்தம் எல்லாம் இதனால்தான்.

பெரும்பாலும் இதற்குக் குளிசை தேவைப்படாது. காதைச் சுத்தம் செய்து, சொட்டு மருந்தும் வலி நிவாரணியும் தருவார்கள். போத்தலைக் கையில் சற்று நேரம் பொத்தி வைத்துக் குளிர் நீக்குங்கள், குளிர்ந்த மருந்து தலைசுற்ற வைக்கும். நோகும் காது மேலே இருக்கும்படி சரிந்து படுத்து மருந்தை விட்டு, ஐந்து நிமிடம் அப்படியே இருங்கள். வலி குறைந்தாலும் சொன்ன நாள்வரை விடவேண்டும். குளிக்கும்போது வஸ்லின் தடவிய பஞ்சைக் காது வாயில் வைத்து, பிறகு எடுத்துவிடுங்கள். ஒரு கிழமை, பத்து நாளுக்குக் கடலும் குளமும் வேண்டாம். வுழூச் செய்பவர்கள் ஈரக் கையால் தடவினால் போதும், தண்ணீரை உள்ளே விடவேண்டியதில்லை. சூடாக்கிய எண்ணெயும் உள்ளிச் சாறும் வேண்டவே வேண்டாம்.

எனக்குச் சுகமானதும் பக்கத்து வீட்டுக் காக்கா வந்தார். "தம்பி, அந்த மருந்து மிச்சம் கிடந்தா இஞ்ச தா, எனக்கும் காது ஒழுகுது." போத்தலை எடுக்கப் போன எனக்கு வைத்தியரின் கேள்வி நினைவு வந்தது. யுத்த காலத்தில் வீட்டருகே ஷெல் விழுந்த நாளிலிருந்து அவருக்கு ஒரு காது சரியாகக் கேட்காது. கையோடு வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். செவிப்பறையில் பழைய ஓட்டை இருந்தது.

வெடி அதிர்வில் கிழியும் செவிப்பறை பலருக்குச் சில கிழமைகளில் தானாக மூடிவிடும். சிலருக்கு மூடாமலே இருந்துவிடுகிறது. அப்படியான காதில் ஜென்ரமைசின், நியோமைசின் போன்றவை கலந்த சொட்டு மருந்தை விட்டால், அது உட்காதுவரை போய், இருக்கிற கேள்திறனையும் உடல் சமநிலையையும் பாதிக்கலாம். ஓட்டையுள்ள காதுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. காக்காவுக்கும் அப்படியொன்றையே கொடுத்தார்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். அவர்களில், குறிப்பாக வயதானவர்களில், இந்த அழற்சி மண்டையோட்டு எலும்புவரை பரவக்கூடும். இரவில் நித்திரை கொள்ள விடாத வலி, கிழமைக்கணக்கில் ஆறாத ஒழுக்கு, முகம் ஒரு பக்கம் கோணுதல் ஆகியவை உயிராபத்தின் அறிகுறிகள். காது மடலுக்குப் பின்னால் வீக்கமோ காய்ச்சலோ வந்தாலும், மருந்து விட்டு மூன்று நாளில் குறையாவிட்டாலும் தாமதிக்காதீர்கள்.

கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. வெடிச் சத்தத்தில் காது அடைபட்டு, அதை இதுவரை எவரிடமும் காட்டாமல் இருப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். வலி இல்லாவிட்டாலும் ஒருதரம் காட்டுங்கள். எந்த வருத்தத்துக்குப் போனாலும், காதுக்கு மருந்து எழுதுமுன் அந்தப் பழைய வெடியைப் பற்றி நீங்களாகவே சொல்லுங்கள்.